கம்யூனிட்டி கல்லூரியில் சந்தைப்படுத்தல் படிப்பது எப்படி: கலிஃபோர்னியாவில் எந்தப் பட்டம், எந்த வரிசை

கலிஃபோர்னியாவில் உள்ள ஏதேனும் ஒரு கம்யூனிட்டி கல்லூரியின் பாடக் கையேட்டைத் திறந்து ‘மார்க்கெட்டிங்’ என்று தேடினால், பெரும்பாலும் மூன்று வகைப் படிப்புகள் கண்ணில் படும். ஒன்று, மார்க்கெட்டிங் என்ற பெயரையே தாங்கிய இரண்டாண்டு அசோசியேட் பட்டம். மற்றொன்று, நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வதற்கென்றே வகுக்கப்பட்ட பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் அசோசியேட் பட்டம். மூன்றாவது, ஐந்தாறு பாடங்களில் முடிந்துவிடும் சான்றிதழ். பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலாவதில் சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால், சந்தைப்படுத்தலில் இளங்கலைப் பட்டம் பெற விரும்பும் ஒருவருக்கு, அந்தப் பெயர் தாங்கிய அசோசியேட் பட்டம் பல வேளைகளில் சுற்றுவழியாகவே முடிகிறது. எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கிப் பாடங்களை அடுக்கினால் பணமும் மிஞ்சும், பருவங்களும் வீணாகா.

கலிஃபோர்னியாவின் அரசு உயர்கல்வி அமைப்பு 1960இல் வகுக்கப்பட்ட மாஸ்டர் பிளானின்படி மூன்று அடுக்குகளைக் கொண்டது. மேலே கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், நடுவில் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், அடித்தளத்தில் எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கும் கம்யூனிட்டி கல்லூரிகள். இக்கல்லூரிகள் 116 உள்ளன. மாநில வாசிகளுக்கு ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர் என்ற கட்டணம் 2012 முதல் மாறாமல் இருந்து வருகிறது. மூன்று யூனிட் கொண்ட ஒரு பாடத்துக்கு 138 டாலரும், பட்டத்துக்குத் தேவையான 60 யூனிட்டுகளுக்கு 2,760 டாலரும் ஆகும். குபர்டினோவில் உள்ள டி ஆன்சா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் உள்ள ஃபுட்ஹில் ஆகிய கல்லூரிகள் ஆண்டை குவார்ட்டர் என்ற குறுகிய பருவங்களாகப் பிரித்து நடத்துவதால், அங்கே 90 குவார்ட்டர் யூனிட்டுகள் தேவை, ஒவ்வொன்றுக்கும் 31 டாலர். இரு கல்லூரிகளில் மாறி மாறிப் படிப்பவர்கள் ஒன்றரை குவார்ட்டர் யூனிட்டை ஒரு செமஸ்டர் யூனிட்டாகக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றில் எது உங்களுக்குரியது

இளங்கலைப் பட்டம்தான் இலக்கு என்றால் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் ஏஎஸ்-டி என்று குறிக்கப்படும் பட்டத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ‘ஏஎஸ்’ அசோசியேட் பட்டத்தையும், கடைசியில் வரும் ‘டி’ டிரான்ஸ்ஃபரையும், அதாவது பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வதையும், குறிக்கிறது. 2010இல் நிறைவேறிய எஸ்.பி. 1440 என்ற சட்டத்தால் பிறந்த இந்தப் பட்டத்தை முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் மூன்றாம் ஆண்டு மாணவராக இடம் உண்டு என்பதும், அங்கே மேலும் 60 செமஸ்டர் யூனிட்டுகளில் இளங்கலையை முடிக்கலாம் என்பதும் உறுதி. அந்த உறுதி அமைப்புக்குத்தானே தவிர, விரும்பிய வளாகத்துக்கு அன்று. சான் ஹோசே, சான் டியேகோ, ஃபுல்லர்ட்டன் போன்ற வளாகங்களில் வணிகப் பிரிவுக்குப் போட்டி அதிகம், குறைந்தபட்ச ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண் புள்ளி) 2.0 என்று ஏட்டில் இருந்தாலும் அதை நம்பி அங்கே இடம் எதிர்பார்க்க முடியாது.

மார்க்கெட்டிங் என்ற பெயருள்ள அசோசியேட் பட்டம், நேராக வேலைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. விளம்பரம், விற்பனை, சில்லறை வணிகம், டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று செயல்முறைப் பாடங்கள் அதில் நிறைந்திருக்கும். அவற்றில் பல, பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது வெறும் விருப்பப்பாட யூனிட்டுகளாகவே ஏற்கப்படும். மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களில் மார்க்கெட்டிங் அறிமுகப் பாடம் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டுப் பாடமாக இருப்பதால், கம்யூனிட்டி கல்லூரியில் அதே தலைப்பில் ‘ஏ’ வாங்கியவரும் அங்கே போய் அதை மீண்டும் படிக்க வேண்டியிருக்கலாம். மறுபக்கம், அந்த வளாகங்கள் உண்மையில் எதிர்பார்க்கும் கணக்கியலும் பொருளியலும் புள்ளியியலும் இந்தப் பட்டத்தில் முழுமையாக இருக்காது. இரண்டு ஆண்டு முடிந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவருக்கு மூன்றாவது ஆண்டும் அதே கல்லூரியில்தான் கழியும்.

வேலைச் சந்தையின் நிலையையும் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். சந்தை ஆய்வாளர், மார்க்கெட்டிங் மேலாளர் ஆகிய பணிகளுக்கு வழக்கமான நுழைவுத் தகுதி இளங்கலைப் பட்டம் என்றே அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் குறிப்பிடுகிறது. அசோசியேட் பட்டத்தோடு எதிர்பார்க்கக்கூடியவை மார்க்கெட்டிங் உதவியாளர், சிறு நிறுவனத்தின் சமூக ஊடகப் பொறுப்பு, விற்பனைப் பிரிவு, கடை மேற்பார்வை போன்றவை. ஏற்கெனவே ஒரு கடையிலோ குடும்பத் தொழிலிலோ இருப்பவருக்கு இந்தப் பட்டம் நன்றாகவே கைகொடுக்கும். பெரிய நிறுவனத்தின் பிராண்டு மேலாண்மைப் பிரிவைக் கனவு காண்பவருக்கு இது போதாது.

மூன்றாவது வகையினரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஃப்ரீமாண்ட், சன்னிவேல், குபர்டினோ வட்டாரங்களில் குடியேறிய தமிழர்களில் பலர் இந்த வகையைச் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டில் பி.இ.யோ பி.காமோ முடித்து, திருமணத்துக்குப் பிறகு இங்கே வந்து, சில ஆண்டுகள் வேலையில் இல்லாமல் இருந்து, இப்போது துறை மாற நினைப்பவர்கள் மீண்டும் ஓர் அசோசியேட் பட்டம் வாங்கத் தேவையில்லை. கையில் இருக்கும் இளங்கலைப் பட்டத்தை வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனம் ஒன்றிடம் மதிப்பீடு செய்துகொண்டு, சாதனைச் சான்றிதழ் என்ற வகையில் பதினாறு முதல் இருபது யூனிட் அளவில் இருக்கும் மார்க்கெட்டிங் சான்றிதழை மட்டும் படித்தால் போதும். மொழி, கணிதம், அறிவியல் போன்ற பொதுக் கல்விப் பாடங்களில் இரண்டு ஆண்டுகளைச் செலவழிப்பதால் இவர்களுடைய தகுதியில் எதுவும் கூடுவதில்லை.

அசிஸ்ட் பக்கத்தை வாசிக்கும் முறை

மாறிச் செல்ல விரும்புபவருக்குக் கவுன்சிலர் எனப்படும் கல்லூரியின் கல்வி ஆலோசகரைவிட முதலில் தேவைப்படுவது அசிஸ்ட் என்ற இணையத்தளம். கலிஃபோர்னியாவின் எந்தக் கம்யூனிட்டி கல்லூரிப் பாடம் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஈடாகும் என்பதற்கான அதிகாரபூர்வப் பதிவு இது. கல்வியாண்டு, உங்கள் கல்லூரி, நீங்கள் போக நினைக்கும் வளாகம் ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுத்து, பிறகு துறையைத் தேர்ந்தெடுத்தால் ஓர் ஒப்பந்தப் பக்கம் திறக்கும். இடப்பக்கத்தில் பல்கலைக்கழகப் பாடமும் வலப்பக்கத்தில் அதற்கு ஈடாக உங்கள் கல்லூரியில் படிக்க வேண்டிய பாடமும் ஒரே வரியில் இருக்கும். வலப்பக்கத்தில் ஈடான பாடம் எதுவும் இல்லை என்ற குறிப்பு இருந்தால், அதை அங்கே போய்த்தான் படிக்க வேண்டும், அல்லது அந்தப் பாடம் உள்ள வேறொரு கம்யூனிட்டி கல்லூரியில் படிக்க வேண்டும். இரண்டு பாடங்களுக்கு நடுவே ‘அல்லது’ இருந்தால் ஒன்று போதும். ‘மற்றும்’ இருந்தால் இரண்டையும் முடித்தால்தான் ஓர் ஈடு கிடைக்கும். பார்வைக்குச் சிறிய இந்தச் சொல்லைக் கவனிக்காமல் விட்டால் ஒரு பருவமே போய்விடும்.

இதே பக்கத்தை மூன்று வளாகங்களுக்குத் தனித்தனியாகத் திறந்து, மூன்றிலும் பொதுவாக வரும் பாடங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நிதிக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், நுண்பொருளியல், பேரினப் பொருளியல், புள்ளியியல், வணிகச் சட்டம், இவற்றோடு பெரும்பாலும் வணிகத்துக்கான கால்குலஸ் அல்லது அதற்கு ஈடான கணிதம் என்ற பட்டியல்தான் திரும்பத் திரும்ப வரும். அதில் மார்க்கெட்டிங் என்ற சொல்லே வராமல் இருக்கலாம். அதைக் கண்டு கலங்க வேண்டாம். சான் ஹோசே, சான் ஃபிரான்சிஸ்கோ, ஈஸ்ட் பே, ஃபுல்லர்ட்டன் ஆகிய மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களில் சந்தைப்படுத்தலில் சிறப்பாகப் பயில வழி உண்டு என்றாலும், அந்தத் துறைப் பாடங்கள் மூன்றாம் ஆண்டில்தான் தொடங்குகின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் மார்க்கெட்டிங் தனிப் பட்டமாகக் கிடைப்பது அரிது. வணிக நிர்வாகத்துக்குள்ளோ பொருளியலோடு சேர்ந்தோதான் அதை அங்கே படிக்க முடியும்.

இவற்றோடு கால்-ஜி.இ.டி.சி. என்ற பொதுக் கல்விப் பாடத்தொகுப்பையும் முடிக்க வேண்டும். 2025 இலையுதிர்ப் பருவத்திலிருந்து இரு பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் பொதுவாக வந்துள்ள இந்தத் தொகுப்பு 34 யூனிட் கொண்டது, ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது ‘சி’ வாங்க வேண்டும். பொருளியலும் புள்ளியியலும் துறைப் பாடமாகவும் பொதுக் கல்விப் பாடமாகவும் ஒருசேரக் கணக்கில் வரும் என்பதால், திட்டமிட்டுத் தேர்ந்தெடுத்தால் 60 யூனிட்டுக்குள் எல்லாம் அடங்கிவிடும். கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து 70 செமஸ்டர் யூனிட்டுக்கு மேல் பல்கலைக்கழகம் பட்டத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, ஆசைக்காக எடுக்கும் பாடங்களை அளவோடு எடுக்க வேண்டும்.

எதை எப்போது படிப்பது

வணிக மாணவர்கள் பலர் முதல் பருவத்தில் எளிய பாடங்களை எடுத்துக்கொண்டு கணிதத்தையும் கணக்கியலையும் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. மேலாண்மைக் கணக்கியலுக்கு நிதிக் கணக்கியல் முன்தேவை. கால்குலஸுக்கு அதற்கு முந்தைய கணிதம் தேவைப்படலாம். சங்கிலியாக வரும் பாடங்களைத் தாமதித்தால் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு பருவம் கூடும். ஆகவே முதல் பருவத்தில் ஆங்கிலக் கட்டுரைப் பாடம், புள்ளியியல் அல்லது கணிதம், வணிக அறிமுகம், நுண்பொருளியல் ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் பருவத்தில் நிதிக் கணக்கியலும் பேரினப் பொருளியலும், மூன்றாம் பருவத்தில் மேலாண்மைக் கணக்கியலும் வணிகச் சட்டமும் வரட்டும். மார்க்கெட்டிங் கோட்பாடுகள் என்ற பாடத்தை இரண்டாம் பருவத்திலேயே ஒரு விருப்பப் பாடமாக எடுத்துவிடுவது நல்லது. அதனால் யூனிட் மாறிச் செல்லுமா என்பது இரண்டாம் பட்சம். இந்தத் துறை தனக்குப் பிடிக்குமா என்பதை 138 டாலர் செலவில் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.

சேரும்போது முன்பு இருந்ததுபோல் தகுதிகாண் தேர்வு இப்போது இல்லை. 2017இல் நிறைவேறிய ஏ.பி. 705 சட்டத்துக்குப் பிறகு, உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்களின் அடிப்படையில் மாணவர்கள் நேராகப் பல்கலைக்கழகத் தரமுள்ள ஆங்கிலத்திலும் கணிதத்திலும் அமர்த்தப்படுகிறார்கள். வெளிநாட்டில் பள்ளி முடித்தவர்கள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்ளும் வழிகாட்டிப் படிவத்தை நிரப்புகிறார்கள். தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு ஆங்கிலக் கட்டுரைப் பாடம் கடினமாக இருக்கும் என்று தோன்றினால், கூடுதல் உதவி வகுப்போடு சேர்த்து நடத்தப்படும் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். சந்தைப்படுத்தல் என்பது எழுத்தில் தொடங்கி எழுத்தில் முடியும் தொழில் என்பதால், அந்தக் கட்டுரைப் பாடத்தைக் கடமைக்காக முடித்துவிட்டுப் போகும் எண்ணம் வேண்டாம்.

நேரத்தைக் கணக்கிடும்போது ஒரு யூனிட்டுக்கு வாரம் மூன்று மணி நேர உழைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு மணி நேரம் வகுப்பு, இரண்டு மணி நேரம் வீட்டு வேலை. நான்கு மூன்று-யூனிட் பாடங்கள் எடுத்தால் வாரம் 36 மணி நேரம் ஆகும். முழுநேர வேலையில் இருப்பவர் இதைக் கூட்டிப் பார்க்காமல் பதிவு செய்துவிட்டுப் பாதியில் விலகுவது வாடிக்கை. விலகினாலும், எந்தத் தேதிக்கு முன் விலகினால் பதிவேட்டில் எதுவும் வராது, எந்தத் தேதிக்குப் பிறகு ‘டபிள்யூ’ (இடையில் விலகியதற்கான குறி) விழும் என்ற இரண்டு நாட்களைக் கல்லூரி நாட்காட்டியிலிருந்து பருவத்தின் முதல் வாரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். வேண்டிய பாடம் உங்கள் கல்லூரியில் அந்தப் பருவத்தில் நடக்கவில்லை என்றால், கலிஃபோர்னியா விர்ச்சுவல் கேம்பஸ் வழியாகப் பங்கேற்கும் வேறு கல்லூரியின் இணையவழி வகுப்பில், தனி விண்ணப்பம் இல்லாமலே சேரலாம்.

வகுப்பில் உண்மையில் என்ன நடக்கிறது

மார்க்கெட்டிங் என்றால் விளம்பரம் என்ற எண்ணத்தோடு வருபவர்களுக்கு முதல் மாதம் சற்று ஏமாற்றமாக இருக்கும். பொருள், விலை, இடம், பரப்புரை என்று 1960இல் ஜெரோம் மெக்கார்த்தி வகுத்த நான்கு கூறுகளின் மேல்தான் இன்றும் அறிமுகப் பாடம் நிற்கிறது. விளம்பரம் அதில் நான்காவதன் ஒரு பகுதி. சந்தையைப் பிரித்தல், அதில் ஒரு பிரிவைக் குறிவைத்தல், வாடிக்கையாளர் மனத்தில் நமக்கு எந்த இடம் வேண்டும் என்று தீர்மானித்தல் ஆகிய மூன்றும் அதற்கு முன்பே வந்துவிடும். மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் விலை. கணக்கியல் பாடத்தை முதலில் முடிக்கச் சொல்வதன் காரணமும் அங்கேதான் விளங்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஃப்ரீமாண்டில் ஒருவர் தோசை மாவு அரைத்து டப்பாவில் விற்கிறார் என்று கொள்வோம். உரிமம் பெற்ற சமையற்கூட வாடகை முதலிய மாதாந்திர நிலையான செலவு 1,200 டாலர். ஒரு டப்பாவின் விலை 6 டாலர். அரிசி, உளுந்து, டப்பா, ஒட்டுச்சீட்டு எல்லாம் சேர்ந்து அடக்கம் 3.50 டாலர். ஒவ்வொரு டப்பாவும் நிலையான செலவை அடைக்க 2.50 டாலர் தருகிறது. ஆகவே மாதம் 480 டப்பா விற்றால்தான் கைக்காசு போகாமல் தப்பிக்கலாம். இப்போது பக்கத்துக் கடையைப் பார்த்து விலையை ஒரு டாலர் குறைக்கிறார். வாடிக்கையாளருக்கு இது ஆறில் ஒரு பங்கு தள்ளுபடி. அவருக்கோ டப்பாவுக்குக் கிடைப்பது 1.50 டாலராகச் சுருங்கி, சமநிலை 800 டப்பாவுக்கு ஏறிவிடுகிறது. மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாக விற்க முடியுமா என்பதுதான் தள்ளுபடிக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி. தேர்வில் இந்தக் கணக்கு வேறு பொருளின் பெயரில் தவறாமல் வரும், வேலையிலும் வரும். தள்ளுபடி என்று யாராவது சொன்னவுடன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவரைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன என்பது என் எண்ணம்.

சந்தை ஆய்வுப் பகுதியில் கேள்வித்தாள் தயாரிக்கச் சொல்வார்கள். ‘வீட்டுச் சுவையுள்ள எங்கள் மாவை வாங்க விரும்புவீர்களா?’ என்று கேட்டால், எதிரில் இருப்பவர் மரியாதைக்காக ‘ஆமாம்’ என்பார். அந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘கடந்த 30 நாட்களில் எத்தனை முறை அரைத்த மாவு வாங்கினீர்கள், கடைசியாக எந்தக் கடையில்?’ என்பது பயனுள்ள கேள்வி. விருப்பத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி ஆய்வு முடிந்ததுபோல. எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதற்கு அமெரிக்கக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் தரவுத்தளம் இலவசம். வீட்டில் பேசும் மொழி பற்றிய அதன் விரிவான அட்டவணையில் தமிழுக்கும் தெலுங்குக்கும் தனித்தனி வரிகள் உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பிழை வரம்பையும் சேர்த்து அறிக்கையில் எழுதுங்கள். புள்ளியியல் படித்தது அதற்குத்தான். 65,000 பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு ஓராண்டு மதிப்பீடு கிடைக்காது, ஐந்தாண்டு மதிப்பீட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். கட்டணம் செலுத்தினால்தான் திறக்கும் தொழில்துறை அறிக்கைகளைப் பல கல்லூரி நூலகங்கள் மாணவர்களுக்கு இலவசமாகத் தருகின்றன என்பதால், நூலகரை ஒருமுறை நேரில் பார்த்துவிடுவது நல்லது.

டிஜிட்டல் மார்க்கெட்டிங் பாடத்தில் கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அவற்றை மனப்பாடம் செய்வதில் பொருளில்லை. சட்டங்கள் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. 2003ஆம் ஆண்டின் கேன்-ஸ்பாம் சட்டப்படி ஒவ்வொரு விளம்பர மின்னஞ்சலிலும் அனுப்புநரின் அஞ்சல் முகவரியும் விலகிக்கொள்ளும் வழியும் இருக்க வேண்டும், விலகக் கேட்டவரைப் பத்து வேலை நாட்களுக்குள் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் புகழ்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி. கலிஃபோர்னியாவின் நுகர்வோர் தனியுரிமைச் சட்டம் 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. கருவிகளைப் பொறுத்தவரை, கூகுளும் ஹப்ஸ்பாட்டும் இலவசமாக நடத்தும் சான்றிதழ்களை விடுமுறையில் முடித்துவிடலாம்; அதற்காக யூனிட் கட்டணம் கொடுத்து ஒரு பாடம் எடுக்கத் தேவையில்லை.

பாடப்புத்தகச் செலவு சில நேரம் கல்விக் கட்டணத்தையே மிஞ்சிவிடும். வகுப்பு அட்டவணையில் புத்தகச் செலவே இல்லை என்ற குறியிட்ட பிரிவுகளைத் தேடுங்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் அமைப்பு கணக்கியல், பொருளியல், புள்ளியியல், மார்க்கெட்டிங் ஆகிய பாடங்களுக்கான முழுப் புத்தகங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஆசிரியர் வேறு புத்தகத்தைக் குறிப்பிட்டிருந்தாலும், புரியாத அத்தியாயத்தை இன்னொரு விளக்கத்தில் படித்துக்கொள்ள அவை உதவும்.

கட்டணமும் விசாவும்

விண்ணப்பம் இலவசம், கல்லூரிகளுக்குப் பொதுவான இணையதளத்தில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதில் குடியிருப்பு பற்றிய கேள்விகளைப் பொறுமையாக நிரப்ப வேண்டும், ஏனெனில் 46 டாலரா அல்லது அதைப் போலப் பல மடங்கா என்பது அங்கேதான் முடிவாகிறது. மாநில வாசியாகக் கருதப்படுவதற்கு ஓராண்டுக்கு மேல் கலிஃபோர்னியாவில் குடியிருந்ததையும், தொடர்ந்து இங்கேயே வாழும் எண்ணத்தையும் ஓட்டுநர் உரிமம், மாநில வருமான வரிப் படிவம் போன்ற ஆவணங்களால் காட்ட வேண்டும். எச்-1பி (வேலை), எச்-4 (எச்-1பியில் இருப்பவரின் குடும்பத்தினர்) விசாக்களில் இருப்பவர்கள் இந்தத் தகுதியைப் பெற முடியும். எஃப்-1 மாணவ விசாவில் இருப்பவர்கள் பெற முடியாது. விசாவின் பெயரைப் பார்த்தவுடனே வெளிநாட்டு மாணவர் என்று பதிவாகிவிட்டால், ஆவணங்களோடு சேர்க்கை அலுவலகத்தில் மறுபரிசீலனை கேளுங்கள். மத்திய அரசின் கல்வி உதவித்தொகை எச்-4க்கும் எஃப்-1க்கும் கிடையாது.

எச்-4 விசாவில் படிக்கத் தடை இல்லை; வேலை செய்யத் தடை உண்டு. கணவரின் அல்லது மனைவியின் கிரீன் கார்டுக்கான ஐ-140 என்ற வேலைவழிக் குடியேற்ற மனு ஏற்கப்பட்டிருந்தால், 2015இலிருந்து நடப்பில் உள்ள விதிப்படி வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அட்டை கையில் வரும்வரை சம்பளமுள்ள இன்டர்ன்ஷிப்பை ஏற்கக் கூடாது. சம்பளமில்லாததையும் வழக்கறிஞரைக் கேட்காமல் ஏற்பது சரியன்று. எச்-4இல் உள்ள பிள்ளைகளுக்கு 21 வயதானதும் அந்த நிலை முடிந்துவிடும். அதன்பின் எஃப்-1க்கு மாறினால் கட்டண விகிதமே மாறிவிடக்கூடும் என்பதால், 18 வயதில் சேரும் பிள்ளையின் பாடத்திட்டத்தை இந்தத் தேதியைப் பார்த்தே வகுக்க வேண்டும். எஃப்-1 மாணவர்களோ ஒவ்வொரு செமஸ்டரிலும் குறைந்தது 12 யூனிட் எடுத்தாக வேண்டும். அந்தக் கணக்கில் முழுமையாக இணையவழியில் நடக்கும் வகுப்பு ஒன்றுக்கு மேல் சேராது. அசோசியேட் பட்டம் முடித்த பிறகும் ஓபிடி எனப்படும், படித்த துறையில் பயிற்சியாக வேலை செய்வதற்கான தற்காலிக அனுமதிக்கு அவர்கள் விண்ணப்பிக்கலாம்.

குழு வேலையும் கையில் காட்டக்கூடிய வேலையும்

மார்க்கெட்டிங் பாடங்களில் மதிப்பெண்ணின் கணிசமான பகுதி குழுத்திட்டத்துக்குப் போகும். கம்யூனிட்டி கல்லூரியின் குழுவில் இரவு வேலை முடித்து வரும் ஒருவரும், பள்ளி முடித்த கையோடு வந்த ஒருவரும், இரண்டு குழந்தைகளின் தாயும் சேர்ந்திருப்பார்கள். எல்லோருக்கும் ஒத்துவரும் நேரமே அமையாது. முதல் சந்திப்பிலேயே யார் எந்தப் பகுதியை எந்தத் தேதிக்குள் எழுதுவது என்பதைப் பகிர்ந்த ஆவணத்தில் பெயரோடு பதிந்துவிட்டால் பிறகு வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கலாம். திட்டத்துக்குக் கற்பனை நிறுவனத்தையோ உலகப் பெரும் பிராண்டையோ எடுக்காமல், நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு முடிதிருத்தகத்தையோ மளிகைக் கடையையோ எடுங்கள். பெரிய காப்பிக்கடை நிறுவனம் ஒன்றைப் பற்றி எழுதினால் இணையத்தில் ஏற்கெனவே இருப்பதைத்தான் திருப்பி எழுத நேரும். பக்கத்துக் கடைக்காரரோ செவ்வாய்க்கிழமை மதியம் ஏன் யாரும் வருவதில்லை என்ற உண்மையான கேள்வியைத் தருவார்.

அந்தக் கேள்விக்கு நீங்கள் செய்ததும், அதற்கு முன்னும் பின்னும் இருந்த எண்களும்தான் பிறகு நேர்காணலில் காட்ட வேண்டியவை. கடை உரிமையாளரின் ஒப்புதலோடு, என்ன செய்தீர்கள், என்ன செலவானது, எத்தனை பேர் வந்தார்கள் என்று இரண்டு பக்கங்களில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மார்க்கெட்டிங் ஆசிரியர்களில் பலர் பகலில் நிறுவனங்களில் பணிபுரிந்துவிட்டு மாலையில் வகுப்பெடுக்கும் பகுதிநேர ஆசிரியர்கள். அவர்களுக்கு அலுவலக நேரம் குறைவு என்றாலும், யார் ஆள் எடுக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். வகுப்பு முடிந்து கிளம்பும்போது அந்த இரண்டு பக்கங்களைக் காட்டி ஐந்து நிமிடம் பேசுவது, பரிந்துரைக் கடிதம் கேட்டு அனுப்பும் மின்னஞ்சலைவிடப் பலன் தரும்.

மாறிச் செல்லும் ஆண்டு

இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே தேதிகள் நெருங்கிவிடும், ஏனெனில் அடுத்த இலையுதிர்ப் பருவத்துக்கான விண்ணப்பங்கள் ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே பெறப்படுகின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் உறுதிச் சேர்க்கை ஒப்பந்தம் தருகின்றன. அதற்கான காலம் செப்டம்பர் மாதம் மட்டுமே, ஒரே ஒரு வளாகத்துக்கு மட்டுமே கேட்கலாம், வணிகத் துறையை அதிலிருந்து விலக்கி வைத்திருக்கும் வளாகங்களும் உண்டு என்பதால் அந்த ஆண்டின் பட்டியலைப் பார்த்துவிட்டே கேளுங்கள். இரு பல்கலைக்கழக அமைப்புகளுக்குமான பொது விண்ணப்பங்களை அக்டோபர் 1 முதல் சமர்ப்பிக்கலாம்; நவம்பர் இறுதியை ஒட்டிக் கடைசி நாள் வரும். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஆங்கிலக் கட்டுரை, பேச்சு, தருக்கச் சிந்தனை, கணிதம் ஆகிய நான்கு அடிப்படைப் பாடங்களும் தேவைப்படுவதால், பேச்சுப் பாடத்தைக் கூச்சத்தால் கடைசிப் பருவத்துக்குத் தள்ளி வைப்பவர்கள் அதற்கு இடம் கிடைக்காமல் அல்லல்படுவதுண்டு.

இடம் கிடைத்த பிறகும் வேலை முடியவில்லை. கடைசி வசந்தப் பருவத்துக்கென்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த பாடங்களில் ஒன்றை விட்டாலோ மாற்றினாலோ பல்கலைக்கழகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் சேர்க்கையே ரத்தாகலாம். ஏஎஸ்-டி பட்டத்தைப் பல கல்லூரிகள் தாமாகவே வழங்கிவிடுவதில்லை. நீங்கள் பட்டம் கோரும் மனுவை அந்தப் பருவத்துக்கான கெடுவுக்குள் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்திருக்க வேண்டும், வேறு கல்லூரிகளில் படித்த யூனிட்டுகளின் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல்களும் அங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும், பட்டம் பதிவான இறுதி மதிப்பெண் பட்டியலை அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு அனுப்பச் சொல்லி நீங்களே ஆணை கொடுக்க வேண்டும்.